மூக்கணாங்கயிறு பூட்டிய தாவும் மரபணு

கொரோனா காலம் தொட்டு வாசகர்கள் பலர் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு: மனித இனம் கண்டே இராத ஒரு வைரசைப் பற்றிக்கொள்ளும் எதிர்பொருள் (ஆன்டிபாடி எனும் புரதம்) நம் உடலில் எப்படி உருவாகிறது? வைரசைப் பார்த்த பிறகே உடல் அதற்கேற்ற எதிர்பொருளை வார்த்தெடுப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். நடப்பதோ நேர்மாறானது. எந்தக் கிருமியையும் பார்க்காமலேயே பல கோடி வகை எதிர்பொருள்களை, எதிர்பொருள் செய்யும் வெள்ளையணுவான பி செல் ஒன்றுக்கு ஒரு வகை என்ற கணக்கில், உடல் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. உள்ளே வரும் கிருமி தனக்குப் பொருந்தும் செல்லைத் தூண்டிவிட, அந்தச் செல் பெருகுகிறது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக விற்கப்படும் பொடிகளுக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

மனிதருக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. அதற்குள் பல கோடி வகை எப்படி அடங்கும்? அமெரிக்க விசா முடிந்துபோனதால் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு வந்து சேர்ந்த ஜப்பானிய ஆய்வாளர் சுசுமு தொனெகாவா, நொபுமிச்சி ஹொசுமியுடன் சேர்ந்து 1976-இல் இதற்கு விடை கண்டார். சுண்டெலிக் கருவின் டி.என்.ஏ.வையும், எதிர்பொருள் சுரக்கும் புற்றுச்செல்லின் டி.என்.ஏ.வையும் ஒரே நொதியால் வெட்டி ஒப்பிட்டபோது, கருவில் வெவ்வேறு துண்டுகளில் கிடந்த, எதிர்பொருளுக்கு எதிர்பொருள் மாறும் பகுதியின் மரபணுவும் மாறாப் பகுதியின் மரபணுவும் புற்றுச்செல்லில் ஒரே துண்டில் இருந்தன. செல் தன் மரபணுவையே வெட்டி ஒட்டியிருந்தது. 1987-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எதிர்பொருள் கனச் சங்கிலி, இலேசுச் சங்கிலி என இரு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. கனச் சங்கிலிக்கு வி, டி, ஜே என மூன்று வகை மரபணுத் துண்டுகள் உள்ளன; மனிதரில் பயன்படுபவை முறையே சுமார் 40, 23, 6. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துச் சேர்த்தால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் வரும். இலேசுச் சங்கிலியின் சேர்க்கைகளையும் பெருக்கினால் பதினைந்து இலட்சத்தைத் தாண்டும். ஆயினும் பல கோடிக்கு இது போதாது. மீதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் டி.என்.ஏ. எழுத்துகளால் ஆன ஏழு எழுத்துக் குறி ஒன்றும் ஒன்பது எழுத்துக் குறி ஒன்றும், அவற்றுக்கிடையே 12 அல்லது 23 எழுத்து இடைவெளியும் உண்டு. ராக்-1, ராக்-2 என்ற இரு புரதங்கள் சேர்ந்த நொதி, 12 இடைவெளிக் குறி ஒன்றையும் 23 இடைவெளிக் குறி ஒன்றையும் ஒருசேரப் பிடித்தால்தான் ஒழுங்காக வெட்டும். முதலில் அது ஓர் இழையை மட்டும் நறுக்குகிறது. நறுக்கப்பட்ட முனை திரும்பி எதிர் இழையைத் தாக்க, மரபணுத் துண்டின் பக்கம் கொண்டை ஊசி போல மூடிக்கொள்கிறது. குறியின் பக்கம் மொட்டையாக நிற்கிறது. மூடிய முனையை ஆர்ட்டெமிஸ் என்ற நொதி திறக்கிறது, பெரும்பாலும் நடுவில் அல்லாமல் சற்றுத் தள்ளி. பிறகு டி.டி.டி. என்ற நொதி வந்து, எந்த மூலப்படியையும் பார்க்காமல், கைக்கு வந்த எழுத்துகளை அந்த முனையில் சேர்க்கிறது. கடைசியில் இரு முனைகளும் ஒட்டப்படுகின்றன. மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை எழுத்துக் கணக்குத் தவறி அந்த உழைப்பு வீணாகிறது. தப்பிப் பிழைப்பவற்றில், இப்படித் தாறுமாறாகத் தைக்கப்பட்ட அந்தத் தையல்தான் எதிர்பொருளின் பிடிக்கும் பகுதிக்கு நட்டநடுவில் அமைகிறது.

இந்த வெட்டும் முறை புதிதன்று. மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் 1940-களில் மக்காச்சோளத்தில் கண்ட தாவும் மரபணுக்களில் பல, இரு ஓரக் குறிகளில் தம்மை வெட்டிக்கொண்டு வேறிடத்தில் போய்ச் செருகிக்கொள்பவை. அந்த ஓரங்களைப் போலவே எதிர்பொருள் மரபணுவின் குறிகளும் இருப்பதைத் தொனெகாவாவின் குழு 1979-இலேயே கவனித்தது. டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில் டேவிட் ஷாட்ஸும் மார்ஜரி ஓட்டிஞ்சரும் 1989, 1990 ஆண்டுகளில் ராக் மரபணுக்களைப் பிரித்தெடுத்தபோது, இரண்டும் அக்கம்பக்கத்தில் ஒட்டி நின்றன. ஒரு காலத்தில் ஒன்றாகவே தாவி வந்தவை என்பதற்கு அது தடயம். 1998-இல் சோதனைக் குழாயில் ராக் நொதி மெய்யாகவே டி.என்.ஏ. துண்டைத் தாவவைத்தது. 2016-இல் சீன ஆய்வாளர்கள், சில சென்டிமீட்டர் நீளமே உள்ள ஆம்ஃபியாக்சஸ் என்ற கடலுயிரியில், இரு ஓரக் குறிகளுக்கு நடுவே இரண்டு ராக் மரபணுக்களும் அமர்ந்திருக்கும் முழுத் தாவும் மரபணுவையே கண்டார்கள்.

தாவும் மரபணுவுக்கு முக்கியம் வெட்டியெடுத்த துண்டு; விட்டுச்சென்ற காயத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நம் உடல் இதைத் தலைகீழாக்கிவிட்டது. வெட்டிய துண்டை வளையமாக மூடி ஒதுக்கிவிட்டு, காயத்தை வைத்துக்கொண்டது. ஆனால் அந்தத் துண்டு மறுபடியும் வேறு மரபணுவுக்குள் பாய்ந்தால் ஆபத்து. இதற்குப் பூட்டிய மூக்கணாங்கயிறு எதுவென்பதை ஷாட்ஸின் குழு 2019-இல் காட்டியது: ராக்-1 புரதத்தின் 848-ஆம் இடத்தில் ஆம்ஃபியாக்சஸ் வைத்திருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் தாடையுள்ள விலங்குகளில் அர்ஜினைன், ராக்-2 புரதத்தில் அமிலத் தன்மையுள்ள ஒரு பகுதி. இவ்விரண்டையும் நீக்கியதும், ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகளாக அடங்கியிருந்த நொதி உயிருள்ள செல்லுக்குள் மீண்டும் தாவத் தொடங்கியது.

மக்காச்சோளம், எலியின் புற்றுச்செல், ஆம்ஃபியாக்சஸ் ஆகிய மூன்றையும் ஆராய்ந்தவர்கள் நிதி விண்ணப்பத்தில் "சமூகப் பயன்" என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்க முடியும்? தொனெகாவா வேலை செய்த பாசல் நிறுவனம் ரோஷ் மருந்து நிறுவனத்தின் பணத்தில், எந்த மருந்தையும் கண்டுபிடித்துத் தரக் கேட்காமல் நடத்தப்பட்டது. மூன்று ஆண்டுக்குள் பயன் காட்டு என்று நெருக்கும் நம் நிதிக் குழுக்கள் அந்த ஏற்பாட்டை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஒதுக்கப்பட்ட அந்த வளையங்களுக்கும் பிறகு ஒரு வேலை கிடைத்தது. இன்னொரு வகை வெள்ளையணுக்களான டி செல்களும், கிருமியை அடையாளம் காணும் தம் ஏற்பிகளை இதே வெட்டு முறையில்தான் செய்கின்றன. செல் பிரியும்போது வளையம் படியெடுக்கப்படுவதில்லை என்பதால், இரத்தத்தில் வளையம் மிகுந்திருந்தால் புதிய டி செல்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த உலர்ந்த இரத்தப் பொட்டில் வளையம் அறவே இல்லையென்றால், ராக் போன்ற மரபணுக்களின் பழுதால் எதிர்ப்பாற்றலே இன்றிப் பிறந்த குழந்தையாக இருக்கலாம். தொற்று வருமுன் எலும்பு மச்சை மாற்றினால் பிழைக்க வைக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் தொடங்கிய இச்சோதனை 2018-இன் இறுதிக்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. இந்தியாவில் இன்னும் அது நாடு தழுவிய திட்டமாகவில்லை.