காதைப் பொத்திக்கொண்டு ஆல்டோ பாடாதீர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் என் குரல் சிகிச்சை அறைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒன்று, சளி பிடித்தவர்கள். இன்னொன்று, கேரல் ரவுண்ட்ஸ், அதாவது வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போனவர்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டிப் பாறசாலை என்று எங்கள் பக்கம் சபைக்குச் சபை பாடகர் குழு உண்டு. குரல் இருக்கும்போது யாரும் என்னை எட்டிப் பார்ப்பதில்லை. போன வாரம் வந்த கல்லூரிப் பெண், இந்த மாதத்தில் நான்காவது ஆல்டோ. (நான்கு குரல் பாட்டில் பெண்களின் மேல் குரல் சோப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ; ஆண்களின் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பாஸ்.)

"பேசு மக்களே" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது. "சுக்கு, மிளகு, கருப்பட்டி எல்லாம் போட்டுக் குடுத்தாச்சு சார்" என்றார் அம்மா. குடிப்பது உணவுக்குழாய்க்குப் போகிறது. குரல்நாண் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில். சுக்குக் காப்பி அங்கே போனால் புரையேறும், அவ்வளவுதான்.

பாட வேண்டாம், எப்படி நிற்பாய் என்று மட்டும் காட்டு என்றேன். காதுக்குள் விரலைச் செருகி, கழுத்து நரம்பு புடைக்க நின்றாள். "பக்கத்துல சோப்ரானோ சார். கேட்டா அந்த டியூனுக்குப் போயிருவேன். காதைப் பொத்திட்டு ஒச்சத்துல பாடுன்னு மாஸ்டர் சொன்னார்." (ஒச்சம் என்றால் எங்கள் பக்கம் உரத்த சத்தம்.)

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே காது புளித்துவிட்டது.

பக்கத்துக் குரல் இழுக்கிறது என்றால் உங்கள் பாகம், அதாவது உங்கள் குரலுக்கான மெட்டு, இன்னும் மனதில் ஏறவில்லை என்று அர்த்தம். அதற்கு மருந்து விரல் இல்லை. காதை அடைத்தால் உங்கள் குரல் எலும்பு வழியாக உங்களுக்கே கனமாகக் கேட்கும், அடுத்தவர் சுருதி மங்கிவிடும். எதோடு சேர வேண்டுமோ அதையே அடைத்துவிட்டு எப்படிச் சேர்வீர்கள்? நான்கு பேர் நான்கு அறையில் தனித்தனியாகப் பாடினால் அதற்குப் பெயர் ஹார்மனியா?

அந்தப் பெண்ணுக்குக் குரல் ஓய்வு என்பதால் அவள் தங்கையைப் பஞ்சமம் பிடிக்கச் சொன்னேன். கீழே நான் ஸ. (இருபது வருடமாக பாஸ் பாடுகிறேன், நம்பலாம்.) வேண்டுமென்றே கொஞ்சம் விலகினேன். 'வவ் வவ்' என்று ஓர் அலை அடித்தது. மெல்ல நெருங்கியதும் அலை நின்று ஒலி ஒன்றாயிற்று. நொடிக்கு 440 அதிர்வுள்ள ஒலிக்குப் பக்கத்தில் 442 ஒலித்தால் நொடிக்கு இரண்டு அலை என்பது கணக்கு. தங்கைக்குக் கணக்கு தெரியாது. ஆனால் அலை நின்ற நொடியில் சிரித்தாள். அந்த நொடியைத் தேடித்தான் காது.

கீபோர்டை முழுக்க நம்பவும் முடியாது. அதன் அந்தர காந்தாரம் (டோ ரே மீயில் 'மீ'), ஸ-வோடு 5:4 என்ற அதிர்வு விகிதத்தில் நிற்கும் இயல்பான காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கூடுதல். அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் பதினான்கு பங்கு. நல்ல குழு கீபோர்டை நிறுத்தியதும் அந்தக் காந்தாரம் தானே கொஞ்சம் இறங்கி உட்காரும். காது திறந்திருந்தால்.

அப்புறம் அந்த 'ஒச்சத்துல'. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை ஏற்றுவான். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இல் எழுதியது இது. ஆல்டோ ஏற்றினால் சோப்ரானோவும் ஏற்றும், டெனர் சும்மா இருக்குமா? கடைசியில் என் அறை வாசலில் வரிசை.

பாகத்தை முதலில் தனியாக, வார்த்தை இல்லாமல், டோ ரே மீ என்றே படியுங்கள். நொட்டேஷன் படிக்க வராதவர்களும் நான்கு குரலில் பாடட்டும் என்றுதான் இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கிய இந்த முறையை ஜான் கர்வென் ஊரெல்லாம் பரப்பினார். பாடம் ஆனபின் ஒரே ஒரு சோப்ரானோவோடு 'ம்ம்' என்று மெதுவாகப் பாடிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் குரல் கேட்கவில்லை என்றால் நீங்கள் கத்துகிறீர்கள்.

மாஸ்டர்களே, குரல் உடையும் வயதுப் பையனை "போன வருஷம் பாடினாயே" என்று சோப்ரானோவில் நிறுத்தாதீர்கள். தொண்டை கட்டியவரைக் கிசுகிசுத்துப் பாடவும் விடாதீர்கள், அது ஓய்வு ஆகாது. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தப் பெண் இந்த வருடம் பாடவில்லை. ஒத்திகைக்கு மட்டும் போய் ஆல்டோ வரிசையில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு சோப்ரானோவைக் கேட்டுவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன். விரல்கள் மடியில் இருக்க வேண்டும் என்று அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.