தம்புராவில் காந்தாரம் எங்கிருந்து வருகிறது?

தம்புராவில் நான்கே தந்திகள். முதலாவது பஞ்சமம் (ப), நடுவில் உள்ள சாரணியும் அனுசாரணியும் ஸட்ஜம் (ஸ), கடைசி மந்தர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ. ஸ, ப இரண்டைத் தவிர வேறெந்த ஸ்வரமும் அதில் இல்லை. ஆனாலும் நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவை மீட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். சற்று நேரத்தில் க ஸ்வரத்தின் ஒரு வகையான அந்தர காந்தாரம் மெல்ல எழும். அது காதில் விழுந்தால்தான் தம்புரா சேர்ந்தது என்பது பழகியவர்களின் கணக்கு. பாட்டு கற்கத் தொடங்குபவர் இந்த ஒரு காந்தாரம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், சுருதி, ஸ்வரம், ஸ்தாயி மூன்றும் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் சுருதி சேர்ப்பதைப் பார்ப்போம். சாரணி நொடிக்கு 240 முறை அதிர்வதாக வைத்துக்கொள்வோம். எளிதாக வகுபடும் எண் என்பதால் இதை எடுக்கிறேன். அனுசாரணி 243 முறை அதிர்ந்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஓசை நொடிக்கு மூன்று முறை பெருத்துச் சிறுக்கும். பள்ளிப் பாடத்தில் படித்த விம்மல் இதுதான். தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகி ஏறக்குறையச் சேர்த்துவிட்டு, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் தந்தியில் கோத்த மணியை நூலளவு நகர்த்துங்கள். விம்மல் மூன்று, இரண்டு, ஒன்று என்று தளர்ந்து, ஒரு கட்டத்தில் அலையே இல்லாமல் நீர்ப்பரப்பு போல ஓசை படிந்துவிடும். அந்த நொடியை முதன்முதலாகத் தன் கையால் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! காது திறப்பது அப்போதுதான்.

இனி காந்தாரத்துக்கு வருவோம். ஒரு தந்தி முழுநீளமாக மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதியாகவும், மூன்று துண்டாகவும், நான்காகவும், ஐந்தாகவும் அதிர்கிறது. மந்தர ஸட்ஜத் தந்தி 120 என்றால் அதற்குள்ளேயே 240, 360, 480, 600 எல்லாம் ஒலிக்கின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். 240 நம் ஸட்ஜம். 360 பஞ்சமம். 480 மேல் ஸட்ஜம். எண்ணிக்கை இரட்டித்தால் அதே ஸ்வரம் அடுத்த ஸ்தாயியில் வரும். 600? அதைப் பாதியாக்கினால் 300. அதுதான் அந்தர காந்தாரம். ஆக, காந்தாரம் ஒரே தந்தியின் ஐந்தாவது பங்கிலிருந்து பிறக்கிறது.

மற்ற வாத்தியங்களிலும் மேற்சுரம் உண்டு. தம்புராவில் மட்டும் அது இவ்வளவு துலக்கமாகக் கேட்பதற்குக் காரணம், குதிரைமேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா என்ற சிறு நூல். அதைச் சரியான இடத்தில் வைத்தால் தந்தி குதிரையின் வளைந்த பரப்பை உரசி உரசி அதிரும், மேற்சுரங்கள் கொழிக்கும். தந்தியை மீட்டும் இடத்தில் எந்த மேற்சுரத்துக்கு அசைவு இல்லையோ அது ஒலிக்கக் கூடாது என்பது பழைய இயற்பியல் விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று சி.வி. ராமன் 1921-இல் எழுதினார்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு தொடக்கப் பாடமான சரளி வரிசைக்குப் போகலாம். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாடமுறையில் முதல் ராகம் மாயாமாளவகௌளை. ஸ 240, ரி 256, க 300, ம 320. ப 360, த 384, நி 450, மேல் ஸ 480. முதல் நான்கையும் ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள்: அடுத்த நான்கும் அப்படியே வருகின்றன! ஸரிகம பாடத் தெரிந்த தொண்டைக்குப் பதநிஸ புதிதல்ல, அதே நடையைப் பஞ்சமத்தில் நின்றுகொண்டு மறுபடி நடக்கிறோம். தொடக்கப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் எனக்குத் தோன்றவில்லை.

கீபோர்டு வைத்துப் பழகுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கீபோர்டில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் எண்ணிக்கை சுமார் 1.0595 மடங்காகும். எந்தக் கட்டையை ஸட்ஜமாக வைத்தாலும் வாசிக்கலாம் என்பது அதன் வசதி. அந்த வசதிக்கு விலை உண்டு. அதில் பஞ்சமம் 359.6, பழுதில்லை. காந்தாரமோ 302.4. ஸட்ஜத்தின் ஐந்து மடங்கு மேற்சுரம் 1200-இல் நிற்க, இந்தக் காந்தாரத்தின் நான்கு மடங்கு மேற்சுரம் 1209-ஐத் தாண்டுகிறது. நொடிக்கு ஒன்பது பத்து விம்மல். தம்புராவில் படிந்து நிற்கும் காந்தாரம் கீபோர்டில் நடுங்குவது இதனால்தான். ஆகவே விரல் பழக்கத்துக்குக் கீபோர்டு இருக்கட்டும், குரலைச் சேர்க்கத் தம்புராவை நாடுங்கள்.

இந்த எண்கள் எல்லாம் ஸ்வரத்தை அசைக்காமல் நிறுத்திப் பாடும்போதுதான். தோடி ராகத்தில் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்காது, கமகம் என்ற ஸ்வர அசைவில் ஆடும். ஆட்டம் பின்னால் வரும், நிற்பது முதலில்.

நாளைக் காலை சாதகத்தில் (பாட்டுப் பயிற்சியில்) வரிசையைத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் தம்புராவை மட்டும் கேளுங்கள். காந்தாரம் எழுந்ததும் அதன்மேல் உங்கள் குரலை மெதுவாக வையுங்கள். விம்மல் இருந்தால் தொண்டையில் மயிரிழை இறக்குங்கள், அல்லது ஏற்றுங்கள், அது அடங்கும் வரை.