ஃபேசரை மாற்றுமுன் ஆயில் பிரஷரைப் பாருங்கள்

ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 2004 முதல் 2010 வரை வந்த 5.4 லிட்டர் மூன்று வால்வ் டிரைட்டன் இன்ஜின், ஸ்கேனரில் பி0012 அல்லது பி0022 என்ற எரர் கோடு. இப்படி ஒரு வண்டி எங்கள் ஷார்ஜா கராஜுக்கு வந்தால், நான் முதலில் கேட்பது பழைய பில்களைத்தான். அண்மையில் வந்த ஒரு வண்டியின் பில்களில் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) சென்சர், ஆயிலைத் திறந்து மூடும் சாலினாய்டு, கடைசியாகக் கேமை முன்பின் திருப்பும் ஃபேசர் என்று இரண்டு பக்கமும் எல்லாம் புதுசு. ஆனால் இன்ஜின் சூடாகி சிக்னலில் நின்றால் பழையபடி டீசல் லாரி மாதிரி கடகட சத்தம். வண்டிக்காரர் அண்ணன் ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இவ்வளவு செலவுக்கு நடுவில் ஒருவர்கூட ஆயில் பிரஷரைக் கேஜ் போட்டு அளக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஃபேசரைத் திருப்புவது ஆயில்தான். கம்ப்யூட்டர் சாலினாய்டுக்குச் சொல்லும், சாலினாய்டு ஆயிலைத் திறந்துவிடும், அந்த அழுத்தத்தில் கேம் நகரும். பி0012 என்றால் முதல் பேங்கில், அதாவது இன்ஜினின் ஒரு பக்கத்து சிலிண்டர் வரிசையில், கேம் வேண்டியதைவிடப் பின்தங்கி நிற்கிறது என்று பொருள். பி0022 என்றால் இரண்டாம் பேங்கில் அதே கோளாறு. ஏன் பின்தங்கியது என்று ஸ்கேனர் சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

பிரஷரைப் பார்த்தீர்களா என்று கேட்டால் உடனே வரும் பதில்: "மீட்டர்ல முள்ளு நடுவுலதானே நிக்குது?" இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். இந்த வண்டியில் அந்த முள்ளை ஆட்டுவது பிரஷரை அளக்கும் சென்சர் இல்லை. ஆயில் ஃபில்டர் பக்கத்தில் ஒரு சாதாரண சுவிட்ச் இருக்கிறது. அதற்குத் தெரிந்தது இரண்டே நிலை: பிரஷர் இருக்கிறது, இல்லை. ஐந்தாறு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வந்தாலே "இருக்கிறது" என்று சொல்லிவிடும், முள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். உள்ளே 60 பிஎஸ்ஐ இருந்தாலும் முள் அங்கேதான், 8 இருந்தாலும் அங்கேதான். 8 பிஎஸ்ஐயில் ஃபேசர் ஒழுங்காக வேலை செய்யுமா? செய்யாது. உள்ளே இருக்கும் இறக்கை மாதிரித் தகடு (வேன்) இரண்டு பக்கமும் மோதும். அதுதான் அந்தக் கடகட சத்தம். முள்ளை நம்பி "ஆயில் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டுவது, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வோல்டேஜ் சரி என்று சொல்வதைப் போல.

ஆகவே சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். குளிர்ந்த இன்ஜினில் அளந்து பிரயோஜனம் இல்லை, அப்போது எல்லா இன்ஜினும் நல்ல பிள்ளைதான். அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடாக்கி, பிரேக்கை அழுத்தி, கியர் 'டி'யில் போட்டு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், பாருங்கள். நான் அங்கே 25 பிஎஸ்ஐ எதிர்பார்ப்பேன். அந்த அண்ணன் வண்டியில் 11.

சத்தம் ஃபேசரிலிருந்துதானா என்று சந்தேகம் இருந்தால், சூடான ஐடிலில் இரண்டு சாலினாய்டு பிளக்கையும் கழற்றுங்கள். ஃபேசர் ஆரம்ப நிலைக்குத் திரும்பி, உள்ளே பூட்டு ஊசி விழுந்து பூட்டிக்கொள்ளும். சத்தம் நின்றால் ஃபேசர் பக்கம்தான் பிரச்சினை. அப்புறம் ஸ்கேனரில் கம்ப்யூட்டர் கேட்ட கேம் கோணத்தையும் உண்மையில் வந்த கோணத்தையும் இரண்டு பேங்குக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பேங்க் மட்டும் தடுமாறினால் அந்தப் பக்கத்து சாலினாய்டு, ஃபேசர், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் என்று தேடலாம். இரண்டும் சேர்ந்து, அதுவும் சூடானதும் தடுமாறினால், பெரும்பாலும் இருவருக்கும் பொதுவான ஆயிலில்தான் கோளாறு. ஃபோர்டு வி8இல் முதல் பேங்க் டிரைவருக்கு எதிர்ப்பக்கம், பயணி உட்காரும் பக்கம். இதை மாற்றி நினைத்துத் தப்பான பக்கம் வால்வ் கவரைத் திறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். (திறக்கும்போது ஸ்பார்க் பிளக்கில் கை வைக்காதீர்கள். இந்த இன்ஜினின் முந்தைய வருட வண்டிகளில் அது பாதியில் ஒடிந்து ஹெட்டுக்குள் நின்றுவிடக்கூடும், அது தனித் தலைவலி.)

அந்த அண்ணன் வண்டியின் முன்கவரைத் திறந்தோம். டைமிங் செயின் டென்ஷனர் பிளாஸ்டிக் உடம்பு. அதன் முதுகில், ஹெட்டோடு ஒட்டும் இடத்தில் ஒரு மெல்லிய சீல். ஒரு ஓரம் பிய்ந்து வெளியே பிதுங்கியிருந்தது, நகக்கண் அளவுதான். மேலே ஃபேசருக்குப் போக வேண்டிய ஆயில் அந்த வழியே கீழே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைக் கழற்றினால், பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் வலையில், செயினை வழிநடத்தும் கைடு உடைந்து விழுந்த பழுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள். பம்ப் எதை உறிஞ்சும்? புது ஃபேசர் போட்டு என்ன பயன்? பழைய இரண்டு வால்வ் 5.4 இன்ஜினின் இரும்பு டென்ஷனர் இதற்குப் பொருந்தும், அதைத்தான் போட்டோம். செயின், கைடு, ஸ்ட்ரெய்னர் எல்லாம் சேர்த்து மாற்றினோம்.

இங்கே சூடு அதிகம் என்று 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றாதீர்கள். சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், கேஜும் ஏறும். ஆனால் சாலினாய்டின் நுண்ணிய வலையில் அந்தக் கெட்டி ஆயில் மெதுவாகத்தான் புகும், கேம் கோணம் இன்னும் தாமதமாகும். இந்த இன்ஜின் 5டபிள்யூ-20க்காகச் செய்தது. ஆயில் மாற்றுவதை 8000 கிலோமீட்டர் தாண்ட விடாதீர்கள். ஏசி போட்டு மணிக்கணக்கில் நிறுத்தி ஓட்டுபவர்கள் அதற்கும் முன்பே மாற்றுங்கள், ஐடிலில் ஓடிய நேரம் கிலோமீட்டரில் ஏறாது. ஃபில்டரில் பத்து திர்ஹம் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வ் மட்டமானால், தினம் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது செயின் உலர்ந்து அடிக்கும்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபேசர் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், சூடான ஐடிலில் பிரஷர் எவ்வளவு என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லட்டும், முடிந்தால் கேஜை உங்கள் கண்முன்னே மாட்டிக் காட்டட்டும். "முள்ளு நடுவுல இருக்கு சார்" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.