‘இன்னும் தயாராகட்டும்’ என்று எத்தனை ஆண்டு சொல்வது?

மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி மையம் எதற்குப் போனாலும் ஒரு வாக்கியம் காதில் விழும்: “இவன் இன்னும் வேலைக்குத் தயாராகல சார்.” பெற்றோர் சொல்வார்கள், ஆசிரியர்கள் சொல்வார்கள், வேலை தரவேண்டியவர்களும் சொல்வார்கள். மாற்றுத்திறனாளிகளை வேலையில் சேர்த்து, சேர்ந்த இடத்திலேயே பழக்கிவிடுவது என் தொழில். படிக்கட்டு தடையாக இருந்தால் சரிவுப்பாதை போட்டுவிடலாம். இந்த வாக்கியத்தை அசைப்பதுதான் பெரும்பாடு.

நடப்பது இதுதான். பதினெட்டு வயதில் ஒருவர் பயிற்சி மையத்தில் சேர்கிறார். காகித உறை ஒட்டக் கற்கிறார், மெழுகுவர்த்தி வார்க்கக் கற்கிறார், கொஞ்சம் கணினி பழகுகிறார். முப்பது வயதிலும் அதே மையத்தில், அதே மேசையில், உறை ஒட்டிக்கொண்டிருக்கிறார். இடையில் யாரும் அவரை ஓர் உண்மையான பணியிடத்தில் நிறுத்திப் பார்க்கவில்லை. ஏனென்றால் அவர் ‘தயாராகவில்லை’.

இதில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும், ஆட்டிசம் உள்ள பலருக்கும், ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் அப்படியே பயன்படுத்துவது எளிதல்ல. மையத்து ஜெராக்ஸ் மெஷினில் கைதேர்ந்தவர், அலுவலகத்தில் வேறு மாடலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுவார். பொத்தான் இடம் மாறியிருக்கும், தாள் வைக்கும் தட்டு மேலே இருக்கும். “எல்லாம் மறந்துட்டான்” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அவர் எதையும் மறக்கவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தது வேறொரு மெஷின். அந்த அலுவலகத்து மெஷினில், அந்த அலுவலகத்துத் தாள்களை வைத்துக் கற்றுக்கொடுத்திருந்தால் மையத்தில் செலவழித்த காலமே தேவைப்பட்டிருக்காது.

இந்தப் புரிதலில்தான் ‘முதலில் வேலை, பிறகு பயிற்சி’ என்ற முறை வளர்ந்தது. அமெரிக்காவில் 1986-இலேயே மறுவாழ்வுச் சட்டத் திருத்தத்தில் இது இடம்பெற்றுவிட்டது. ஒருவரின் விருப்பத்தையும் பலத்தையும் பார்த்து ஒரு வேலையைக் கண்டுபிடிப்பது, அந்த இடத்திலேயே பயிற்றுநர் கூட நின்று சொல்லித் தருவது, அவருக்கு வேலை பிடிபட்டதும் மெல்ல விலகுவது, சுருக்கம் அவ்வளவுதான். கடுமையான மனநோய் உள்ளவர்களிடமும் இதையே சோதித்துப் பார்த்தார்கள். லண்டன், சூரிச், சோஃபியா உட்பட ஐரோப்பாவின் 6 நகரங்களில், 312 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. நேராக வேலை தேடிக் கொடுத்து உடன் நின்ற குழுவில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள். முதலில் பயிற்சி, அப்புறம் வேலை என்ற வழக்கமான முறையில் வேலைக்குப் போனவர்கள் 28 சதவீதம். வேலை அழுத்தம் நோயைக் கூட்டிவிடும் என்று பயப்படும் குடும்பங்களிடம் இதே ஆய்வின் இன்னொரு முடிவையும் சொல்வேன்: திரும்ப மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், நேராக வேலை தேடிக் கொடுத்த குழுவில்தான் குறைவு.

கற்றுக்கொடுக்கும் விதம் பற்றிப் பேசும்போது மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் நினைவுக்கு வருகிறார். 1970-களில், ‘இவர்களால் எதுவும் முடியாது’ என்று ஒதுக்கப்பட்டிருந்த இளைஞர்களுக்கு, 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசினார். சிவப்புப் பக்கம் தன்னைப் பார்த்திருக்குமாறு வைத்துப் பூட்டினால் பிரேக் சரியாக வந்துவிடும். அவர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்பவருக்கு வரவில்லை என்றால் கற்பிக்கும் முறையை மாற்று என்ற அந்த அணுகுமுறைதான் இன்றும் எங்கள் தொழிலின் முதுகெலும்பு.

பணியிடத்தில் இது எப்படி இருக்கும் என்று ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். பழைய கோப்புகளை ஸ்கேன் செய்யும் பிரிவு ஒன்றில், அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் இளைஞர் சேர்ந்தார். ‘ஸ்கேன் பண்ணுப்பா’ என்பது நமக்கு ஒரு வேலை. அவருக்கு அது ஒரு சங்கிலி. கோப்பின் எண்ணைப் பார்க்கவேண்டும், ஸ்டேப்ளர் பின்னை எடுத்துக் கிண்ணத்தில் போடவேண்டும், மடங்கிய மூலைகளை நீவவேண்டும், தாள்களைத் தட்டிச் சீராக்கவேண்டும், அச்சு தெரியும் பக்கம் கீழே வரவேண்டும், பச்சைப் பொத்தானை அழுத்தவேண்டும், திரையில் கோப்பு எண்ணை அடிக்கவேண்டும், தாள்களைப் பழைய வரிசையில் திரும்பக் கட்டவேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, எந்த இடத்தில் கை நிற்கிறது என்று பார்ப்பது என் வேலை.

அவருடைய கை நின்றது நான் எதிர்பார்க்காத இடத்தில். பின்னை எடுப்பதிலும் எண் அடிப்பதிலும் சிக்கலே இல்லை. சில தாள்களில் இரண்டு பக்கமும் அச்சு இருந்தது. ஒரு பக்கம் விட்டுப்போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு தாளையும் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், திரும்ப வைப்பார், சந்தேகம் வந்து மறுபடி எடுப்பார். மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் ‘வேகம் போதாது’ என்று எழுதிவிட்டார். ஸ்கேனரின் அமைப்பில் இரு பக்கமும் எடுத்துக்கொண்டு வெற்றுப் பக்கத்தை விட்டுவிடும் வசதி ஏற்கெனவே இருந்தது. அதை யாரும் இயக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான். இயக்கியதும் திருப்பிப் பார்க்கும் வேலையே இல்லாமல் போனது. அந்தப் பிரிவில் இருந்த எல்லாருக்கும் வேகம் கூடியது.

பயிற்றுநர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று, வாயைக் கட்டுவது. ‘அடுத்து என்ன? பச்சைப் பொத்தான், பச்சைப் பொத்தான்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் வேலையைக் கற்கமாட்டார், நம் குரலுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்வார். முதலில் செய்து காட்டலாம். அப்புறம் கையால் சுட்டினால் போதும். அப்புறம் இரண்டடி பின்னால் நிற்பது, பிறகு அறைக்கு வெளியே. எவ்வளவு அக்கறையாகக் கற்றுக்கொடுக்கிறோமோ அவ்வளவு அக்கறையாக விலகவும் வேண்டும். நாம் விலகும்போது அந்த இடத்தை நிரப்ப, பக்கத்து மேசையில் ஒருவர் இருக்கிறாரா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவைப்பேன். பெரும்பாலும் அந்த ஒருவர் மேலாளராக இருக்கமாட்டார். தேநீர் இடைவேளையில் ‘வா, போகலாம்’ என்று தானாகக் கூப்பிடுபவர்தான் அவர்.

ஏனென்றால் வேலை போவது பெரும்பாலும் வேலை தெரியாததால் அல்ல. எங்கும் எழுதி வைக்காத விதிகள்தான் காலை வாரிவிடும். ‘ஃப்ரீயா இருந்தா இதைப் பார்த்துடுங்க’ என்றால் உடனே செய்யவேண்டும் என்று நமக்குத் தெரியும். ஆட்டிசம் உள்ள ஒருவர் தான் ஃப்ரீயாக இல்லை என்று உண்மையைச் சொல்லி, அதை வைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்வார். அது திமிர் என்று பெயராகிவிடும். ‘மூன்று மணிக்குள் முடித்து எனக்கு மெயில் அனுப்புங்கள்’ என்று சொன்னால் இரண்டரைக்கே வந்துவிடும். நேர்காணலும் இப்படித்தான். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்வியில் தடுமாறுபவரை, வேலையைக் கையில் கொடுத்து ஒரு நாள் செய்யச் சொல்லிப் பாருங்கள். நேர்காணல் பேச்சுத் திறமையை மட்டுமே அளக்கிறது.

காதுகேளாதவர்கள் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: எழுதிக் காட்டிவிட்டால் போதும் என்று. சைகைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு, நாம் எழுதும் மொழி இரண்டாவது மொழி. இலக்கணமே வேறு. முக்கியமான கூட்டத்துக்கும் பணி மதிப்பீட்டுக்கும் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். தினசரி வேலைக்கு, முடிவானதைக் குறுஞ்செய்தியில் இரண்டு வரி போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள், வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் தெரியாது. தீ எச்சரிக்கை மணி ஒலியோடு விளக்கும் எரியுமா என்று பாருங்கள். நிறைய இடங்களில் எரிவதில்லை. ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டது இது.

பார்வையற்றவர்களுக்கு மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. திறமையும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. தடுப்பது அலுவலகத்தின் சொந்த மென்பொருள். விடுப்புக்கு விண்ணப்பிக்கும் பக்கத்தில் பொத்தான்களுக்குப் பெயர் வைத்திருக்கமாட்டார்கள்; திரைவாசிப்பான் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்லும். எதை அழுத்தினால் விடுப்பு, எதை அழுத்தினால் ரத்து என்று யாருக்குத் தெரியும்? சுற்றறிக்கையைப் படமாக எடுத்து பிடிஎஃப் என்று அனுப்பினால், அது அவருக்கு வெற்றுத்தாள். மென்பொருள் வாங்கும் முன்பே, திரைவாசிப்பானோடு இயங்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாங்கிய பிறகு கெஞ்சிப் பயனில்லை.

சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களிடம் நான் கேட்பது கழிப்பறைக் கதவின் அகலம் மட்டும்தான்.

இதெல்லாம் செலவு பிடிக்குமே என்பார்கள். பணியிட ஏற்பாடுகள் பற்றி ஆலோசனை சொல்லும் அமெரிக்காவின் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் பல ஆண்டுகளாக நிறுவனங்களிடம் நடத்திவரும் கணக்கெடுப்பில், ஏறத்தாழ பாதி ஏற்பாடுகளுக்குச் செலவே ஆகவில்லை என்று தெரிகிறது. ஸ்கேனர் அமைப்பை மாற்ற என்ன செலவு? மேலும் இது தயவும் அல்ல. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, வேலை செய்யும் உரிமையை நேரடியாகச் சொல்கிறது. பணியிடத்தில் தேவையான நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதரச் சொல்கிறது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. விபத்தில் கால் போன ஊழியருக்கு ‘விருப்ப ஓய்வு’ படிவத்தை நீட்டுபவர்கள் இதைப் படித்திருக்கவேண்டும்.

சம்பளத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் சொற்ப உதவித்தொகை கொடுத்து ஆண்டுக்கணக்கில் வேலை வாங்குவது நடக்கிறது. குடும்பமும் ‘எங்கேயாவது போய் வந்தா சரி’ என்று பேசாமல் இருந்துவிடுகிறது. பயிற்சி எந்தத் தேதியில் முடியும், முடிந்ததும் என்ன சம்பளம் என்பது முதல் நாளே காகிதத்தில் வந்துவிடவேண்டும். பக்கத்தில் இருப்பவர் செய்யும் அதே வேலையை இவரும் செய்தால், அதே சம்பளம்.

சக ஊழியர்களிடம் என்ன சொல்வது என்பது அந்த நபரின் முடிவு. நோயின் பெயரையோ மாத்திரையின் பெயரையோ யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ‘சத்தமான இடத்தில் எனக்குக் கவனம் சிதறும், எழுதிக் கொடுத்தால் நன்றாகச் செய்வேன்’ என்ற அளவுக்கு வேலை முறையைச் சொன்னால் போதும். முடிந்தால் அவரே சொல்லட்டும். நான் பக்கத்தில் இருப்பேன்.

கடைசியாக, வேலை கொடுத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஒன்று. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலை திடீரென்று கெட்டுப்போகும் நேரம் எது என்று பார்த்தால், பெரும்பாலும் மேற்பார்வையாளர் மாறிய மாதம். பழையவருக்கு எல்லாம் பழகியிருக்கும். புதியவருக்கு எதுவும் தெரியாது. எழுதிக் கொடுக்கும் வழக்கம் நின்றுபோகும், இருக்கை மாறும், புது மெஷின் வரும். அதனால் அவருக்கு எது உதவுகிறது என்பதை அவருடைய சம்மதத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி, பொறுப்பை ஒப்படைக்கும் தாள்களோடு சேர்த்துவிடுங்கள். கூடவே பயிற்றுநருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். அந்த மாதம் இரண்டு மூன்று நாள் வந்து உட்கார்ந்திருந்தாலே நிறைய வேலைகளைக் காப்பாற்றிவிட முடிகிறது.