இரண்டு வருட விசா இருக்கிறதே என்று நாள் எண்ணாமல் டிக்கெட் போடாதீர்கள்

புதுச்சேரியில் விசா வேலை பார்க்கிற எனக்குப் பாதிப் பிழைப்பு பிரான்ஸால்தான். மகள் பிரசவத்துக்கு ஒரு முறை, பேரனுடைய ஞானஸ்நானத்துக்கு இன்னொரு முறை என்று பாரிசுக்குப் போய்வரும் அம்மாக்கள் இங்கே நிறைய.

முத்தியால்பேட்டையிலிருந்து அப்படி ஒரு அம்மா டிக்கெட்டும் கையுமாக வந்தார். "ரெண்டு வருஷ விசா தம்பி, மல்டிபிள் என்ட்ரி, சும்மா ஒரு தடவை பார்த்துச் சொல்லு." பார்த்தேன். மார்ச் 1 போய் மே 14 திரும்பியிருக்கிறார், 75 நாள். மறுபடி ஜூலை 20 போய் இரண்டு மாதம் இருக்கத் திட்டம். ஆனால் அவருக்கு மிச்சம் 15 நாள்தான், ஆகஸ்ட் 3 அன்று கிளம்பியாக வேண்டும்.

இரண்டு வருடம் என்பது போய்வருவதற்கான காலம். தங்குவது மட்டும், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளைத் தாண்டக் கூடாது, இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தே. ஊருக்கு வந்துவிட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இது பிரான்சுக்கு மட்டுமில்லை, ஷெங்கன் என்கிற 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, அதனால் நடுவில் ஜெர்மனியில் அக்கா வீட்டில் இருந்த நாளும் இதிலேயே சேரும். லண்டன் நாள் சேராது.

முன்பு எல்லையில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி மங்கிப்போன முத்திரையைத் தேடுவார், சில சமயம் விட்டும்விடுவார். 2025 அக்டோபர் 12 முதல் இந்த 29 நாடுகளில் முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முகத்தைப் படம் எடுக்கிறார்கள். நம் கைரேகை விசாவுக்குக் கொடுத்தபோதே அவர்களிடம் போய்விட்டது, அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உள்ளே போனது, வெளியே வந்தது எல்லாம் தேதியோடு மூன்று வருடம் அதில் இருக்கும், வெளியேறிய பதிவே இல்லாவிட்டால் ஐந்து வருடம். கூடுதலாகத் தங்கினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும், அடுத்த விசாவுக்குப் போகும்போதும் இது முன்னால் வந்து நிற்கும்.

சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களில், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும், அங்கே குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கும் இந்தப் பதிவு கிடையாது. அதனால் கணவர் ஒரு வரிசையில், இந்திய பாஸ்போர்ட்டில் போகும் மனைவி வேறு வரிசையில் நிற்க நேரிடலாம், பதற வேண்டாம்.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன வழி? ஆகஸ்ட் 28க்குத் தள்ளிப் போடச் சொன்னேன். அன்றிலிருந்து மார்ச் 1 தொடங்கிப் பழைய நாட்கள் ஒவ்வொன்றாக 180 நாள் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே வரும், அதனால் முழுசாக 90 நாள் இருக்கலாம். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே கணிப்பான் இருக்கிறது, தேதிகளைப் போட்டு அவருக்கே காட்டினேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "அப்ப ஸ்வெட்டர் வாங்கணுமே தம்பி" என்றார்.