தலைவலிக்கு ஏன் கண்ணுக்குள் பார்க்கிறார்கள்?

விடாத தலைவலி என்று நரம்பியல் மருத்துவரிடம் போனால், ஸ்கேன் எழுதுவதற்கு முன்பே கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார். காரணம், கருவில் மூளையிலிருந்தே முளைத்து முன்னால் வந்த பகுதிதான் விழித்திரை. அதிலிருந்து கிளம்பும் சுமார் 12 லட்சம் நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து பார்வை நரம்பாகின்றன. அவை கண்ணை விட்டு வெளியேறும் வட்டத்தை ‘டிஸ்க்’ என்பார்கள். அகலம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளும், அவற்றுக்கு நடுவே உள்ள மூளைத் தண்டுவட நீரும், இந்த நரம்பைச் சூழ்ந்தபடி கண்ணின் பின்சுவர் வரை வருகின்றன. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் நரம்பின் உறைக்குள்ளும் ஏறும்.

ஒவ்வொரு நரம்பிழைக்குள்ளும் விழித்திரையிலிருந்து மூளையை நோக்கிப் புரதங்கள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். பின்னாலிருந்து அழுத்தம் நெருக்கும்போது இந்த ஓட்டம் டிஸ்க்கிலேயே தேங்குகிறது, இழைகள் உப்புகின்றன. கத்தரித்தாற்போல் இருந்த விளிம்பு மங்கும். அதைத் தாண்டும் ரத்தக்குழாய் வீங்கிய இழைகளுக்குள் புதைந்து, விட்டுவிட்டுத் தெரியும். ஓரத்தில் கீற்றுக் கீற்றாக ரத்தம் கசியும். இதுதான் பாப்பிலெடிமா. பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் பார்வை குறையாது. சுவரில் உள்ள எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்துவிடுவார்கள். குனிந்து நிமிரும்போது சில நொடிகள் கண் இருட்டுவது, படுத்தால் கூடும் தலைவலி, காதுக்குள் நாடித்துடிப்போடு கேட்கும் இரைச்சல், ஒன்று இரண்டாகத் தெரிவது ஆகியவையே முதல் அடையாளங்கள். மூளைக் கட்டி மட்டுமே காரணம் அல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்தாலும் இப்படி ஆகும். உடல் எடை கூடிய இளம்பெண்களுக்கு வெளிப்படையான காரணமே இல்லாமலும் வரலாம். முகப்பருவுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு இதைத் தூண்டும். அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பார்க்கும் முறை எளிது, கை பழக வேண்டும். அறையை இருட்டாக்கி, டிராபிக்கமைட் சொட்டு விட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருந்தால் கண்மணி விரியும். (பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும், வண்டி ஓட்டக் கூடாது.) நோயாளி தொலைவில் ஒரு புள்ளியைப் பார்க்க, மருத்துவர் அவருடைய வலக்கண்ணைத் தன் வலக்கண்ணால், 15 டிகிரி பக்கவாட்டிலிருந்து அணுகுகிறார். முதலில் கண்மணிக்குள் செவ்வொளி தெரிய வேண்டும். கண்புரையோ உள்ளே ரத்தக் கசிவோ இருந்தால் அது மங்கும். குழந்தையின் கண்ணில் வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோயா என்று உடனே பார்த்தாக வேண்டும். பிறகு மிக நெருங்கி, ஏதாவது ஒரு ரத்தக்குழாயைப் பிடித்து, கிளைகள் ஒன்றுசேரும் திசையில் போனால் டிஸ்க் வந்துவிடும். தலையில் அடிபட்டவருக்கு மட்டும் யோசிக்காமல் சொட்டு விடக் கூடாது: கண்மணி விரிவதே மூளைக்குள் ஏதோ நடக்கிறது என்பதன் அறிகுறி, மருந்து அதை மறைத்துவிடும்.

டிஸ்க்கில் சுண்ணாம்புத் துணுக்குகள் படிந்திருந்தாலும் வீக்கம் போலவே தோன்றும். அதைப் பிரித்தறிய கண்ணின் அல்ட்ராசவுண்ட் உதவும். ஓசிடி ஸ்கேன், ஒளி திரும்பிவருவதை வைத்து நரம்பிழைப் படலத்தின் தடிமனைச் சில மைக்ரான் நுணுக்கத்தில் அளக்கிறது. ஆனால் அளவு குறைந்தால் நல்ல செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. வீக்கம் வடிந்தாலும் குறையும், இழைகள் செத்தாலும் குறையும். செத்த இழை மறுபடி வீங்காது. அழுத்தம் அப்படியே இருக்க, டிஸ்க் வெளிறித் தட்டையாகக் கிடக்கும். எனவேதான், நேராகப் பார்த்தபடியே சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் பரப்புச் சோதனையையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது பார்வை நரம்பு அழற்சி. உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயில் இது அடிக்கடி காணப்படும். கண்ணை அசைத்தால் வலி, சில நாட்களில் பார்வை சரிவு, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிவது; ஆனால் மூன்றில் இருவருக்கு டிஸ்க் இயல்பாகவே இருக்கும், அழற்சி கண்ணுக்குப் பின்னால் இருப்பதால். டார்ச் ஒளியைக் கண்ணுக்குக் கண் மாற்றி அடித்தால் பாதிக்கப்பட்ட கண்ணில் கண்மணி சுருங்குவதற்குப் பதிலாக விரியும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் சொட்டு மருந்து விடும் முன்பே செய்துவிட வேண்டும்.

கேமராவும் கணினியும் இப்போது இந்த வேலைக்கு வந்துவிட்டன. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மதுரை அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அமெரிக்கப் படங்களுமாக 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி தரப்பட்டது. சர்க்கரை நோய் விழித்திரையில் உண்டாக்கும் நுண்புடைப்புகளையும் கசிவுகளையும் கண்டுபிடிக்க அது மிக நன்றாகவே உதவுகிறது. ஆனால் எதற்குப் பயிற்சி தந்தோமோ அதை மட்டும்தான் அது சொல்லும். ‘சர்க்கரை பாதிப்பு இல்லை’ என்ற அறிக்கை, டிஸ்க் வீங்கவில்லை என்பதற்கான சான்று அல்ல. படுத்தால் கூடும் தலைவலியோடு கண்ணும் இருட்டுகிறது என்றால் அந்த அறிக்கையை நம்பி இருந்துவிடாமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் டிஸ்க்கைக் காட்டிவிட வேண்டும்.