கத்துகிறவரை விட்டுவிட்டு நர்ஸ் ஏன் பக்கத்துக் கட்டிலுக்குப் போகிறார்?

"வயிற்றில் ஆபரேஷன் முடிந்து என் அப்பா வலியில் கத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் 'இதோ வர்றேங்க' என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரிடம் போய்விட்டார். அவருக்கு ஒன்றுமே இல்லை. விரலில் மாட்டியிருந்த கருவிகூட 97 என்றுதான் காட்டியது. இது என்ன நியாயம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெற்ற தகப்பன் துடிக்கும்போது கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த நர்ஸ் செய்தது அநேகமாகச் சரிதான்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் நாலு பேர் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போவது? நர்ஸிங் படிப்பில் சொல்லித்தரும் வரிசை இது: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், அப்புறம் நினைவு. ஒருவர் வாய்விட்டுக் கத்துகிறார் என்றால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நெஞ்சில் காற்று இருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. இதையெல்லாம் அவர் சத்தமே சொல்லிவிடுகிறது. தவிர, ஆபரேஷனுக்கு மறுநாள் வயிறு வலிப்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத மாற்றம் யாரிடம் தெரிகிறதோ அவருக்குத்தான் முதலிடம். வலி என்றாலே காத்திருக்கட்டும் என்று அர்த்தமில்லை. புதிதாக வரும் நெஞ்சு வலியும், மாவுக்கட்டுப் போட்ட காலில் மருந்துக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலியும் வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

சரி, பேசாமல் இருந்தவரிடம் அந்த நர்ஸ் எதைப் பார்த்திருப்பார்? மூச்சைப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம். அந்த நோயாளி சும்மா உட்கார்ந்திருந்திருக்க மாட்டார். முன்பக்கம் சாய்ந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை புடைக்க உட்கார்ந்திருந்தாரா? கேட்ட கேள்விக்கு இரண்டிரண்டு வார்த்தையாகப் பதில் சொன்னாரா? பழகிய கண்ணுக்கு வாசலில் வரும்போதே இது தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆக்சிஜன் அளவு 97 இருக்கும்போது ஒருவருக்கு ஏன் மூச்சு வாங்க வேண்டும்?

கிருமித் தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரத்த ஓட்டம் குலைகிறது, திசுக்களுக்குப் போக வேண்டியது போய்ச் சேர்வதில்லை. ஆக்சிஜன் போதாத செல்கள் குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. ரத்தத்தின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவோ (அமிலம் கூடினால் இது இறங்கும்) 7.35க்கும் 7.45க்கும் இடையில் நின்றாக வேண்டும். கூடுதலாக வந்த அமிலத்தை ரத்தத்திலுள்ள பைகார்பனேட் பிடித்துக் கார்பானிக் அமிலமாக்குகிறது. அது உடனே தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. தண்ணீரால் தொல்லையில்லை. வாயுவை ஊதித் தள்ளிவிடலாம். குடலிலோ காலிலோ உண்டான அமிலத்தின் கணக்கை உடம்பு மூக்கு வழியாகத் தீர்க்கிறது! சிறுநீரகமும் அமிலத்தை வெளியேற்றும், ஆனால் முழுமூச்சாக இறங்க அதற்கு நாள்கணக்கில் ஆகும். நுரையீரல் சில நிமிடங்களில் வேகத்தை மாற்றிவிடும்.

நுரையீரலுக்கு இந்தச் சேதியை யார் சொல்கிறார்கள்? மூளையின் அடிப்பகுதியில் மூச்சை நடத்தும் முகுளத்தில் இதற்கென்றே உணரிகள் இருக்கின்றன. ஆனால் அமிலத்திலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஹைட்ரஜன் அயனி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டி அவ்வளவு சுலபமாக உள்ளே நுழையாது. கரியமில வாயுதான் தாராளமாகப் போய்வரும். அதனால் இந்த அமிலத்தை முதலில் மோப்பம் பிடிப்பது கழுத்தில். தலைக்குப் போகும் கரோட்டிட் தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள கரோட்டிட் திசுமுடிச்சு இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் மூளையைவிடப் பல மடங்கு ரத்தம் அதன் வழியே ஓடுகிறது. ஓடுகிற ரத்தத்தை அது ருசிபார்த்துக்கொண்டே இருக்கிறது. புளிப்பு கூடியதும் நரம்பு வழியாக முகுளத்துக்குத் தகவல் போகும், மூச்சு வேகமெடுக்கும். இதைத் துருவிக் கண்டறிந்த பெல்ஜிய விஞ்ஞானி கார்னேய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இனி அந்த 97. வேகமாக மூச்சு விடுவதாலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் குணமும் சேர்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டரிலிருந்து 60க்கு இறங்கினாலும் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 90 சதவீதம் நிரம்பியே இருக்கும். கடன் வாங்கிச் சமாளிக்கும் குடும்பத்தை வாசலில் நின்று பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். விரல் கருவி வாசலில் நின்று பார்க்கிறது, மூச்சின் எண்ணிக்கை கடனைக் காட்டுகிறது. பி.பி.யும் இப்படித்தான் ஏமாற்றும். ரத்தம் இழக்கும்போது இதயம் வேகமாக அடித்து, ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் ரத்தத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போகும்வரைகூட மேல் அளவு பெரிதாக இறங்காமல் இருக்கலாம்.

இதை எண்ணாக்கி வார்டுக்குக் கொண்டுவந்தது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ். 2012இல் வெளியிட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை 2017இல் திருத்தினார்கள். மதிப்பெண் கூடக் கூட ஆபத்தும் கூடுதல் என்று அர்த்தம். நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றால் பூஜ்யம், 21 முதல் 24 என்றால் 2, 25 அல்லது அதற்கு மேல் என்றால் 3. நம் அமைதியான மனிதருக்கு மூச்சு 26, பல்ஸ் 104, பி.பி. மேல் அளவு 118, ஆக்சிஜன் 97, காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவு என்று வைத்துக்கொண்டால் மூச்சுக்கு 3, பல்ஸுக்கு 1, மொத்தம் 4தான். ஆனால் ஒரே அளவில் 3 வந்துவிட்டால் அதற்காகவே டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டும். கத்திக்கொண்டிருந்த அப்பாவுக்கு மூச்சு 20, பல்ஸ் 108 என்றால் மதிப்பெண் 1. திடீரென்று உளற ஆரம்பிப்பதும் 3 பெறும் என்பது 2017 திருத்தத்தில் சேர்ந்தது. "இவர் இப்படிப் பேசுகிற ஆளே இல்லை" என்று வீட்டார் சொன்னால் நல்ல நர்ஸ் காதில் வாங்கிக்கொள்வார்.

எண்ணுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூச்சு ஓரளவு நம் இஷ்டத்துக்கும் கட்டுப்படும், யாராவது கவனிக்கிறார்கள் என்றால் மாறிவிடும். அதனால் பல்ஸ் பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கண்ணால் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுவார்கள், முழுதாக ஒரு நிமிடம். நேரமில்லாத வார்டுகளில் இந்த நிமிடம்தான் முதலில் காணாமல் போகும். சார்ட்டில் எல்லாக் கட்டிலுக்கும் 18 அல்லது 20 என்று எழுதியிருக்கும். இருபது பேருக்கும் ஒரே மூச்சு! நர்ஸைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நர்ஸிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கனின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவைசிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. புதுப்புதுக் கருவிகளுக்கு ஆராய்ச்சிப் பணம் கொட்டுகிறது. எண்ணுவதற்கு ஆள் போடச் சொன்னால் பட்ஜெட் இல்லை என்கிறார்கள். "இன்னைக்கு வார்டு அமைதியா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னால் ராத்திரி டியூட்டி நாசமாகிவிடும் என்று நர்ஸ்களிடையே ஒரு மூடநம்பிக்கை உண்டு. ஆள் பற்றாத வார்டில் எதைச் சொன்னாலும் நாசம்தான்.

வலிக்கு மார்ஃபின் போடுவதற்கு முன்பும் இதே எண்ணிக்கைதான். முகுளம் கரியமில வாயுவுக்குக் காட்டும் பதற்றத்தையே மார்ஃபின் மழுங்கடித்துவிடும், மூச்சு தானாகக் குறையும். மூக்கில் ஆக்சிஜன் குழாயும் இருந்தால், மூச்சு 8க்குக் கீழே இறங்கி வாயு உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும்போதும் விரல் கருவி நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். மருந்து போட்டதும் கத்தல் நின்றவரை வீட்டார் "நல்லா தூங்குறார்" என்பார்கள். நர்ஸ் அவரைத் தட்டி எழுப்பிப் பெயர் கேட்டுவிட்டு மறுபடி எண்ணுவார்.